குரோமின் மெமரி பேனல்: கசிவைப் பிடிக்கிறது, டைமரைப் பட்டியலிடவில்லை

பக்கத்தை மறுபடி ஏற்றாமல் திரையை மட்டும் மாற்றும் ஒற்றைப் பக்கச் செயலிகளில் நினைவகக் கசிவு, அதாவது தேவை முடிந்தும் நினைவகம் விடுவிக்கப்படாமல் தேங்குவது, பெரும்பாலும் நிறுத்தப்படாத டைமரிலிருந்தோ (குறித்த நேரத்தில் நிரலை இயக்குவது) கழற்றப்படாத ஈவன்ட் லிஸனரிலிருந்தோதான் (சொடுக்கு போன்ற நிகழ்வுக்குக் காத்திருக்கும் நிரல்) தொடங்குகிறது. ஒவ்வொரு சொடுக்கிலும் பக்கம் முழுவதும் புதிதாக ஏற்றப்பட்ட காலத்தில் இவை பழைய பக்கத்தோடு சேர்ந்து அழிந்தன. இன்று ரியாக்ட், வியூ போன்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவித்தொகுப்புகளில் திரை மாறினாலும் அதே விண்டோ நாள் முழுவதும் திறந்திருப்பதால், விட்டுச்சென்றவை அப்படியே தேங்குகின்றன. இதைக் கண்டறிய, குரோம் உலாவியின் டெவ்டூல்ஸில் (நிரலாளர்களுக்கான கருவிகள்) இருக்கும் மெமரி பேனல் எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது என்று பார்க்கலாம்.

5 வினாடிக்கு ஒருமுறை செட்இன்டர்வல் என்ற டைமர் வழியே தரவைப் புதுப்பிப்பதும், விண்டோவின் ரீசைஸ் நிகழ்வைக் கேட்பதுமான ஒரு வரைபடத் திரையை எடுத்துக்கொள்வோம். முதலில் ஒரு ஹீப் ஸ்னாப்ஷாட் (அந்த நொடியில் நினைவகத்தில் உள்ள பொருள்களின் பதிவு) எடுத்துவிட்டு, அந்தத் திரைக்குள் சிலமுறை போய்த் திரும்பிய பின் இரண்டாவதை எடுத்து, கம்பாரிசன் காட்சியில் இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஸ்னாப்ஷாட் எடுப்பதற்கு முன் குப்பை சேகரிப்பை (பயன்பாட்டில் இல்லாத நினைவகத்தை விடுவிப்பதை) பேனலே நடத்திவிடுவதால், எஞ்சி நிற்பவை யாரோ பிடித்து வைத்திருப்பவைதாம். வடிகட்டியில் 'டிடாச்ட்' என்று தட்டினால், பக்கத்திலிருந்து நீக்கப்பட்டும் நினைவகத்தை விட்டு அகலாத டிவ்களும் கேன்வாஸ்களும் வரிசையாக வருகின்றன.

பேனலின் உண்மையான பலம் அதற்குக் கீழே உள்ள ரிடெய்னர்ஸ் பகுதி. ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தால், அதை யார் பிடித்திருக்கிறார், அவரை யார் பிடித்திருக்கிறார் என்று சங்கிலி வேர்வரை விரிகிறது. சங்கிலியில் டாம்டைமர் தென்பட்டால் டைமர், வி8ஈவன்ட்லிஸனர் தென்பட்டால் லிஸனர் என்று உறுதியாகிறது. பொருளின் சொந்த அளவான ஷேலோ அளவைப் பார்த்து ஏமாறக்கூடாது: சில பைட்டுகளே கொண்ட ஒரு குளோஷர் (தன்னைச் சுற்றியுள்ள மாறிகளைப் பிடித்து வைத்திருக்கும் ஃபங்ஷன்), வரைபடத்தின் தரவு முழுவதையும் தாங்கி நிற்கக்கூடும், அதைப் பொருள் பிடித்து வைத்திருப்பவற்றையும் சேர்த்த ரிடெய்ன்ட் அளவுதான் சொல்லும். இன்னொரு நுட்பமும் இங்கே வெளிப்படுகிறது. ஒரே ஃபங்ஷனுக்குள் பிறந்த குளோஷர்கள் குரோமின் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினான வி8-இல் ஒரே கான்டெக்ஸ்ட்டை (மாறிகளின் சேமிப்பிடத்தை) பகிர்வதால், பெரிய அரேயைத் தொடவே தொடாத டைமர் கால்பேக்கும் (டைமர் இயக்கும் ஃபங்ஷன்), உடன்பிறந்த வேறொரு குளோஷர் அதைப் பயன்படுத்துகிறது என்ற ஒரே காரணத்தால், அந்த அரேயை உயிரோடு வைத்திருக்கும். மூலநிரலை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் எளிதில் பிடிபடாத இதனைச் சங்கிலியில் உள்ள 'கான்டெக்ஸ்ட்' என்ற ஒரு வரி காட்டிவிடுகிறது. கால்பேக்குகளுக்குப் பெயர் வைத்து எழுதியிருந்தால் அந்தப் பெயரும் அங்கே தெரியும். பெயரற்ற அம்புக்குறி ஃபங்ஷன்களையும் சுருக்கப்பட்ட நிரலையும் வைத்துக்கொண்டு தேடுவது பெரும் தொல்லை.

குறை என்று நான் கருதுவது, டைமர்களும் லிஸனர்களும் சமமாக நடத்தப்படவில்லை என்பதே. கன்சோலில் கெட்ஈவன்ட்லிஸனர்ஸ் என்ற கட்டளைக்கு விண்டோவைக் கொடுத்தால், அதில் தொங்கும் லிஸனர்கள் அனைத்தும் கிடைக்கின்றன. பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரிலோ அவற்றின் மொத்த எண்ணிக்கை நேரலையாக ஓடுகிறது, திரையை விட்டு வெளியேறிய பிறகும் அது இறங்காவிட்டால் அங்கேயே சந்தேகம் எழும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் டைமர்களைக் காட்டும் இதுபோன்ற பட்டியல் எங்கும் இல்லை. பெர்ஃபார்மன்ஸ் பேனலில் டைமர் நிகழ்வுகள் பதிவாகின்றன என்றாலும், பதிவு நடந்த நேரத்துக்குள் நிகழ்ந்தவை மட்டுமே அதில் அகப்படும். ஆகவே செட்இன்டர்வலைச் சுற்றி நாமே ஒரு கணக்குப் புத்தகம் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பேனல் காட்டியதை நிரலில் எப்படிச் சரிசெய்வது என்பதில் குழப்பம் குறைவு. டைமரின் எண்ணைக் காத்துவைத்து, திரை அகலும்போது கிளியர்இன்டர்வலுக்குக் கொடுக்க வேண்டும். லிஸனரில், பைண்ட் செய்த (this-ஐப் பிணைத்துப் புதிதாகப் பெற்ற) ஃபங்ஷனைச் சேர்த்துவிட்டு, கழற்றும் இடத்தில் மறுபடியும் பைண்ட் செய்து கொடுத்தால், அது வேறு ஃபங்ஷன் என்பதால் எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் லிஸனர் அப்படியே நிற்கும். இதற்கு, ரத்துச் செய்தி அனுப்பும் அபார்ட்கன்ட்ரோலரின் சிக்னலை ஆட்ஈவன்ட்லிஸனருக்குக் கொடுத்து, ஒரே அபார்ட் அழைப்பில் எல்லாவற்றையும் கழற்றுவது நம்பகமான வழி. தன் பொத்தானிலேயே வைத்த லிஸனரைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. பொத்தானை வேறு யாரும் பிடித்திருக்காவிட்டால் அதனோடு அதுவும் போய்விடும்.

சோதிக்கும்போது இன்காக்னிட்டோ சாளரத்தைப் பயன்படுத்துவது நல்லது, இல்லையெனில் நீட்சிகளின் பொருள்களும் கணக்கில் கலக்கும். டெவ்டூல்ஸ் திறந்திருக்கையில் கன்சோலில் அச்சிட்ட பொருள்களும் விடுவிக்கப்படாமல் பொய்க் கசிவாகத் தோன்றும். பெரிய செயலிகளில் ஸ்னாப்ஷாட் எடுக்கும் நேரம் பக்கம் உறைந்து நிற்கிறது. சேமித்த கோப்பில் பக்கத்தின் எழுத்துச்சரங்கள் எல்லாம் இருப்பதால், பயனர் தகவல் உள்ள கோப்பைப் பிறருக்கு அனுப்பும் முன் யோசிக்க வேண்டும்.

ஒவ்வொரு வெளியீட்டிலும் இதே சோதனையைக் கையால் செய்ய முடியாது. அந்தத் தேவைக்கு, மெட்டா 2022-இல் திறந்த மூலமாக வெளியிட்ட, கசிவு தேடும் கருவியான மெம்லேப் பொருத்தமானது: திரைக்குள் போவதையும் திரும்புவதையும் சிறு நிரலாக எழுதிக் கொடுத்தால், அதுவே குரோமியத்தை இயக்கி, ஸ்னாப்ஷாட்களை ஒப்பிட்டு, விடுவிக்கப்படாதவற்றின் சங்கிலிகளை எழுத்தாகத் தருகிறது.