வாய் ஒன்று, முதுகு நான்கு: நேர்வாய் மடக்குக் கத்திகளில் எதைச் சேர்ப்பது?

கத்தியின் வாய் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். வாயை ஸ்கேல்மேல் நிறுத்தி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் இடையில் வெளிச்சம் கசியக் கூடாது. இந்தச் சோதனையில் தேறிய கத்திகளை வரிசையாக வைத்தால், அவற்றைப் பிரிப்பது முதுகுதான் என்பது தெரியும். முதுகு எந்த இடத்தில் இறங்கத் தொடங்குகிறது, எவ்வளவு அவசரமாக வாயைத் தொடுகிறது என்பதை வைத்துத்தான் வார்ன்க்ளிஃப், ஷீப்ஸ்ஃபுட், லாம்ப்ஃபுட், ஹிகோனோகாமி என்று பெயர்கள். கோப்பிங் என்று இன்னொன்றும் உண்டு. அது பெரும்பாலும் பல அலகுக் கத்தியில் ஒட்டிக்கொண்டு வரும் ஒல்லிக்குச்சி. தனியாகத் தேட வேண்டியதில்லை.

நேர்வாயின் குணம் சலூனில் சவரக்கத்தியைப் பார்த்தவர்களுக்குப் புதிதல்ல. வளைந்த வாயில் நுனியை நெருங்க நெருங்க வாய் பொருளைவிட்டு மேலே ஏறிவிடும். இழுக்கும்போது கயிறு நழுவும். நேர்வாயில் கை கொடுக்கும் விசை கடைசி மில்லிமீட்டர் வரை போகும். பார்சல் டேப், அட்டை, சணல், பென்சில் எல்லாவற்றுக்கும் இதுதான் சரி. தோல் உரிக்க, பிரெட்டில் வெண்ணெய் தடவ, பலகையில் ஆட்டி ஆட்டிக் கொத்தமல்லி நறுக்க இது ஆகாது. ஒரே கத்தி எல்லாம் செய்ய வேண்டும் என்பவர் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

வார்ன்க்ளிஃபும் ஷீப்ஸ்ஃபுட்டும்

வார்ன்க்ளிஃப் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், ஜோசப் ராட்ஜர்ஸ் பட்டறையோடு சேர்த்துச் சொல்லப்படும் வடிவம். 1826-இல் வார்ன்க்ளிஃப் பிரபுவான ஜேம்ஸ் ஸ்டூவர்ட்-வோர்ட்லியின் பட்டப்பெயர்தான் கத்திக்கு வந்தது. இதன் முதுகு பிடியைவிட்டு வெளியே வந்ததுமே சரியத் தொடங்கி, நீளமாக, மெதுவாக இறங்கி ஊசி மூக்கில் முடியும். பார்க்க நான்கிலும் இதுதான் அழகு. அந்த அழகேதான் இதன் நோயும். மூக்குக்குப் பின்னால் இரும்பு மிகக் குறைவு. டப்பா மூடியை நெம்பினால் ஒன்றிரண்டு மி.மீ. போய்விடும், தரையில் விழுந்தால் அநேகமாக மூக்கில்தான் விழும்.

ஷீப்ஸ்ஃபுட்டின் முதுகு கடைசிவரை நேராக வந்து, நுனியில் சட்டென்று வளைந்து வாயைத் தொடும். ஆட்டுக்குளம்புபோல மொண்ணை மூக்கு. ஆடும் கப்பலில் கயிறு அறுக்கும்போது தவறி யார் மேலும் குத்திவிடக் கூடாது என்பதால் மாலுமிகள் விரும்பிய வடிவம் இது. பிரிட்டிஷ் கடற்படையின் மடக்குக் கத்தியில் ஷீப்ஸ்ஃபுட் அலகும், கயிற்று முடிச்சைப் பிரிக்கும் தடித்த ஊசியும் சேர்ந்தே இருக்கும். முதுகு கடைசிவரை தடிமனாக இருப்பதால் கட்டைவிரலை நுனிக்கு அருகிலேயே வைத்து அழுத்தலாம். பென்சில் சீவுபவருக்கு இதன் அருமை உடனே புரியும்.

பையில் போட்டால் நிலைமை கொஞ்சம் மாறும். வார்ன்க்ளிஃபை மடக்கினால், மூக்கு வாயின் கோட்டிலேயே இருப்பதால் பிடிக்குள் ஆழமாகப் போய் ஒளிந்துகொள்ளும். பாக்கெட்டில் எதையும் கிழிக்காது. ஷீப்ஸ்ஃபுட்டின் உயரமான முதுகு பிடிக்கு வெளியே மேடாக நிற்கும். பாக்கெட்டில் உறுத்தும். ஆனால் நகத்தை வைத்துத் திறக்க அலகில் வெட்டியிருக்கும் நகப்பள்ளத்தைத் தேடாமல் இரண்டு விரலால் கிள்ளியே திறந்துவிடலாம். நகம் உடைந்தவர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

வாங்குவதற்கு எளிது ஷீப்ஸ்ஃபுட்தான். அமெரிக்க ஸ்டாக்மேன் வகை மூன்றலகுக் கத்திகளில் இது இரண்டாவது அலகாக வரும். விக்டோரினாக்ஸின் 93 மி.மீ. எலெக்ட்ரீஷியன் மாடலிலும் சிறிய அலகு இந்தச் சாயல்தான். வார்ன்க்ளிஃபில் அமெரிக்காவின் கேஸ் நிறுவனத்தின் சீஹார்ஸ் விட்லர் சேர்ப்பவர்களின் செல்லம். அதன் எண் 6355 டபிள்யூஎச் எஸ்எஸ் என்றிருந்தால் படிக்கும் முறை இது: 6 என்றால் எலும்புப் பிடி, 3 என்றால் மூன்று அலகு, 55 வடிவ எண், பிறகு வார்ன்க்ளிஃப், கடைசியில் ஸ்டெயின்லெஸ். எஸ்எஸ் இருக்கும் இடத்தில் சிவி என்றிருந்தால் குரோம்-வனேடியம் கார்பன் எஃகு. 1970-களின் கேஸ் கத்தி என்றால் முத்திரைக்குக் கீழே புள்ளிகளை எண்ணுங்கள். 1970-இல் பத்துப் புள்ளி. ஆண்டுக்கு ஒன்று குறைந்து 1979-இல் ஒன்று.

புதுப் பாணி வேண்டுமென்றால் ஜப்பானின் செகி நகரில் செய்யப்படும் ஸ்பைடர்கோ டெலிகா வார்ன்க்ளிஃப், விஜி-10 எஃகு. வேலைக்கு மிக நல்லது. சேகரிப்புப் பெட்டியில் வைத்தால் ஏனோ ஆபீஸ் ஐடி கார்டு மாதிரியே இருக்கும்.

லாம்ப்ஃபுட்

முதுகும் வாயும் ஏறக்குறைய இணைகோடுகளாக ஓடி, நுனியை நோக்கி லேசாக ஒடுங்கி, சரிவாக வெட்டி முடியும் வடிவம். ஷீப்ஸ்ஃபுட்டைவிட ஒல்லி, வார்ன்க்ளிஃபைவிடத் திடம். ஷெஃபீல்டில் ஏ. ரைட் அண்ட் சன் போன்ற சிறு பட்டறைகள் இன்றும் செய்கின்றன. கையால் செய்வதால் கத்திக்குக் கத்தி தரம் மாறும். அலகு நடுவில் நிற்காமல் ஒரு பக்க லைனரில், அதாவது பிடியின் உட்தகட்டில், உரசுவது வழக்கமான குறை. அதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் நான்கில் நடுநிலையானது இதுதான்.

ஹிகோனோகாமி

ஸ்பிரிங் இல்லை, லாக் இல்லை. மடித்த பித்தளை அல்லது இரும்புத் தகடு பிடி, ஒரு ரிவெட், ஓர் அலகு. அலகின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வால்தான் சிகிரி. திறந்தபின் அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் கத்தி கத்தியாக இருக்கும். விரலை எடுத்துவிட்டு வேலை செய்தால் மடங்கி விரலையே வெட்டும். ஹியோகோ மாகாணத்து மிகி ஊரில் நாகாவோ கானெகோமா பட்டறை மட்டுமே இன்று அந்தப் பெயரை முறையாகப் பயன்படுத்துகிறது. ஒருகாலத்தில் ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் கத்தி இது.

மற்ற மூன்றோடு ஒப்பிட்டால் இரண்டு வேறுபாடுகள் பெரியவை. ஒன்று, வாயை நோக்கி இறங்கும் இதன் சரிவுப் பட்டை அகலமானது. கல்லில் படுக்க வைத்தால் தானே கோணம் கிடைக்கும். புதிதாகத் தீட்டப் பழகுபவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. இரண்டு, இறுக்கம் முழுக்க ரிவெட்டைப் பொறுத்தது. நாளடைவில் தளரும். ரிவெட்டின் ஒரு தலையை இரும்புக் கட்டைமேல் வைத்து, மறு தலையைச் சிறு சுத்தியலால் இரண்டு தட்டு தட்டித் திறந்து பார்க்க வேண்டும். ஐந்து தட்டு தட்டிவிட்டால் இறுகிப்போய், பிடியைக் கொஞ்சம் அகட்டித்தான் சரிசெய்ய முடியும்.

டெல்லியில் இருக்கிற சிக்கல்

ஆயுதச் சட்டம் 1959-உம் ஆயுத விதிகள் 2016-உம் ஒன்பது அங்குல நீளத்தையோ இரண்டு அங்குல அகலத்தையோ தாண்டிய அலகுகளைத்தான் உரிமம் வேண்டும் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு, விவசாய உபயோகக் கருவிகளுக்கு விலக்கு உண்டு. இந்தக் கணக்கில் எந்தப் பேனாக்கத்தியும் மாட்டாது. ஆனால் டெல்லிக்கு மட்டும் 1980-இல் வந்த அறிவிக்கை ஒன்று இருக்கிறது. பொத்தான், கராரி (பற்சக்கரம்), ஸ்பிரிங் போன்ற இயந்திர அமைப்பால் திறந்து மூடும் கத்தியின் அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினால், அதைச் செய்வதும் விற்பதும் விற்பனைக்கு வைத்திருப்பதும் கட்டுப்பாட்டுக்குள் வரும். லாக் இல்லாமல் ஸ்பிரிங் அழுத்தத்திலேயே அலகு நிற்கும், நகத்தால் திறக்கும் ஸ்லிப்ஜாயின்ட்டில் பொத்தான் இல்லை என்று நீங்கள் விளக்கலாம். ரோந்துக் காவலர் நின்று இலக்கணம் கேட்பாரா என்பது வேறு விஷயம். எனவே சேகரிப்பையே 7 செ.மீ.க்குள் வைத்துக்கொள்வது உத்தமம். மெட்ரோ வாசலில் எக்ஸ்ரே இயந்திரம் இருக்கிறது, ஆர்.கே.புரத்திலிருந்து கரோல் பாக் போகிற பையில் கத்தி எதற்கு, வீட்டிலேயே இருக்கட்டும்.

இந்த அளவுக்குள் முதல் கத்தியாக ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், ஒற்றை அலகு, கார்பன் எஃகு, லாம்ப்ஃபுட் அல்லது ஷீப்ஸ்ஃபுட். இரண்டாவது ஹிகோனோகாமி. தீட்டும் கை படிந்தபின்தான் வார்ன்க்ளிஃப்.

பழையதை வாங்கும்போது

ஜாமா மசூதிப் பக்கத்து ஞாயிற்றுக்கிழமைக் கடைவிரிப்புகளில் பழைய ஷெஃபீல்டு கத்தி கண்ணில் பட்டால் முதலில் மடக்கிப் பாருங்கள். நுனி உடைந்த சாதாரணக் கத்தியைக் கிரைண்டரில் கொடுத்து, வார்ன்க்ளிஃப் என்று விற்பது பழைய தந்திரம். அசலில் மடக்கிய மூக்கு பிடியின் கடைசிக்குச் சில மி.மீ. அருகில் வரும். தேய்த்ததில் உள்ளே ஒரு விரல் இடம் காலியாக இருக்கும். நகப்பள்ளமும் முதுகின் விளிம்புக்கு அநியாயமாக நெருங்கி நிற்கும். ராட்ஜர்ஸ் என்றால் நட்சத்திரமும் மால்டீஸ் சிலுவையும் பாருங்கள். வி, ஆர் எழுத்துகளுக்கு நடுவில் கிரீடம் இருந்தால் விக்டோரியா காலம், 1901-க்கு முந்தையது என்பார்கள். முத்திரை அலகில் ஆழமாக அடிக்கப்பட்டிருக்க வேண்டும். மேலோட்டமாக அமிலத்தில் எழுதியதுபோல இருந்தால் சந்தேகம் கொள்ளுங்கள்.

அடுத்தது பிடி. வெள்ளைப் பிடியில் சிறுசிறு கரும்புள்ளிகள், கீற்றுகள் தெரிந்தால் எலும்பு. வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் கோடுகள் தெரிந்தால் தந்தம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் கீழே வைத்துவிட்டு நகருங்கள். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972 அதன் வியாபாரத்தைத் தடுக்கிறது. மிளா மான் கொம்புப் பிடிக்கும் இதே கதைதான். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அதை ‘இந்தியன் ஸ்டேக்’ என்று கொண்டாடுவார்கள். இந்தியாவில் இருப்பவருக்குத்தான் அது வேண்டாத வம்பு. உடைந்த பிடிக்கு மாற்று வேண்டுமென்றால் உத்தரப் பிரதேசத்துச் சம்பலில் மாட்டெலும்பும் எருமைக்கொம்பும் இழைக்கும் பட்டறைகள் இருக்கின்றன.

கடைசியாக ஸ்பிரிங். அலகைத் திறந்து மூடும்போது ‘டக்’ என்ற சத்தம் திறப்பிலும் மூடலிலும் ஒரேபோலக் கேட்க வேண்டும். வாயின் நடுவில் ஓர் இடத்தில் மட்டும் கூர் மழுங்கிப் பளபளத்தால், மூடும்போது வாய் உள்ளிருக்கும் ஸ்பிரிங்கில் அடிபடுகிறது என்று அர்த்தம். மூடுகையில் ஸ்பிரிங் நடுவில் எழும்பும். நேர்வாய் முழுக்க அதற்கு இணையாகக் கிடப்பதால் இந்த நோய் இவ்வகைக்குக் கொஞ்சம் அதிகம். பிடியின் பள்ளத்தில் மெல்லிய தோல் துணுக்கு ஒன்றைச் செருகி, கையை விடாமல் மெதுவாக மூடினால் போதும்.

தீட்டும்போது கெடுவது எப்படி

நேர்வாயைத் தீட்டுவது எளிது என்பார்கள். பாதி உண்மை. வளைந்த வாய்க்குப் பழகிய கை, நுனி வரும்போது தன்னையறியாமல் பிடியைத் தூக்கும். பத்துத் தடவை தீட்டியபின் ஸ்கேல் வைத்தால் மூக்கு மேலேறி, வார்ன்க்ளிஃப் சாதாரணப் பேனாக்கத்தி ஆகியிருக்கும். கல் நடுவில் குழிந்திருந்தாலும் இதேதான்: குழி தன் வளைவை வாய்க்குக் கொடுத்துவிடும். கல்மேல் பென்சிலால் கட்டங்கள் கிழித்து, கண்ணாடிமேல் ஒட்டிய 220 எண் வாட்டர் பேப்பரில் கோடுகள் மறையும்வரை தேய்த்துச் சமப்படுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

கோணத்துக்கு நாணயம் போதும். 12 மி.மீ. அகல அலகின் முதுகு மூன்றரை மி.மீ. உயர்ந்தால் சுமார் 17 பாகை. இரண்டு பத்து ரூபாய் நாணயங்களின் உயரம். அளவை அலகின் அடிப்பக்கத்தில் மட்டுமே பாருங்கள். வார்ன்க்ளிஃபின் முதுகு நுனியை நோக்கிச் சரிவதால், நாணயத்தை நுனிப்பக்கம் வைத்து அளந்தால் கோணம் எகிறிவிடும். வாயில் மார்க்கர் மை தடவி இரண்டு இழுப்பு இழுத்தால் மை எங்கே போகவில்லை என்று தெரியும்.

வெயில், கூலர், தேங்காயெண்ணெய்

மே மாதக் காய்ச்சலில் எலும்பும் கொம்பும் சுருங்கி, ரிவெட்டைச் சுற்றி மயிரிழை வெடிப்பு விடும். அதே அறையில் ஓடும் டெசர்ட் கூலர் கார்பன் எஃகைத் துரு பிடிக்க வைக்கும். கூலர் காற்று நேரே அடிக்கும் அலமாரியில் கத்தி வைப்பது தண்ணீரில் போடுவதற்குச் சமம். தோல் உறையிலும் வைக்க வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். நம் வீடுகளில் கைக்கு முதலில் வருவது தேங்காயெண்ணெய். டெல்லி ஜனவரியில் அது மூட்டுக்குள் உறைந்து, அழுக்கோடு சேர்ந்து பிசினாகும். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு மூட்டுக்கு, ஒரு சொட்டு அலகுக்கு. பழம் நறுக்கும் கத்திக்கும் பயமில்லை. எலுமிச்சை, மாங்காய் நறுக்கியதில் படியும் நீலச் சாம்பல் நிறத்தைத் தேய்த்து எடுக்காதீர்கள்; சிவப்பாக வருவதைத்தான் உடனே துடைக்க வேண்டும்.

பழைய கத்திகளில் பளிச்சென்ற நிறத்தில் ஆமையோடு மாதிரியோ முத்துச்சிப்பி மாதிரியோ பிடி இருந்தால் கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்ட் என்ற பழங்காலப் பிளாஸ்டிக். வயதானால் அமில ஆவி விட்டுப் பக்கத்தில் இருக்கும் கத்தியையும் அரிக்கும். வெப்பத்தில் இன்னும் வேகமாக. அதற்கு மட்டும் தனி டப்பா, மூடியில் இரண்டு துளை.