நாய்க்குச் சாப்பாடு: பாக்கெட்டா, குக்கரா, தயிர் சாதமா?

பெங்களூரில் நாய் வளர்க்கிற நம்மவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே சாப்பாட்டுச் செலவுக்கு வந்துவிடும். "கிலோ 220 ரூபாய்க்கு வாங்கிப் போடுறேன், கட்டுப்படியாகல" என்பார் ஒருவர். "நான் அரிசியும் கோழியும்தான், செலவே இல்ல" என்பார் இன்னொருவர். இருவரும் கிலோ விலையை வைத்துப் பேசுகிறார்கள், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. காய்ந்த தீவனம் ஒரு கிலோவும் ஈரமான கோழிக்கறி ஒரு கிலோவும் ஒன்றல்ல. ஒரு நாய்க்கு ஒரு நாளைக்கு என்ன ஆகிறது, அந்தக் காசுக்கு அதன் உடம்புக்கு என்ன போய்ச் சேருகிறது என்று பார்த்தால்தான் ஒப்பிட முடியும்.

அளவுகோலாக எங்கள் வீட்டு மணியையே வைத்துக்கொள்கிறேன். நாட்டு நாய், 15 கிலோ, கருத்தடை செய்தாகிவிட்டது. காலையும் மாலையும் அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு நடை, மீதி நேரம் தூக்கம். இப்படிப்பட்ட நாய்க்கு நாளுக்கு ஏறத்தாழ 850 கலோரி வேண்டும். புரதம் எவ்வளவு என்பதற்கு, ஆஃப்கோ என்கிற அமெரிக்கத் தீவன அமைப்பு வளர்ந்த நாய்க்கு 1000 கலோரிக்குக் குறைந்தது 45 கிராம் என்று வைத்திருக்கிறது. மணிக்கு அது 38 கிராம். இந்த இரண்டு எண்களையும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம். விலையெல்லாம் எங்கள் ஏரியாவில் நான் கொடுப்பது. உங்கள் தெருவில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

முதலில் பாக்கெட் தீவனம். பெடிகிரி, ட்ரூல்ஸ் மாதிரி நடுத்தர பிராண்டுகளைப் பெரிய பையாக வாங்கினால் கிலோ 220 ரூபாய் சுற்றி விழுகிறது. 100 கிராமுக்கு 350 கலோரி என்று வைத்தால், மணிக்கு 240 கிராம் போதும். நாளுக்கு 53 ரூபாய், மாதம் 1,600. பையில் 20 சதவீதம் புரதம் என்று போட்டிருந்தால் 48 கிராம் கிடைத்துவிடும். சுண்ணாம்புச் சத்து, துத்தநாகம், வைட்டமின்கள் எல்லாம் அளவாகச் சேர்ந்தே வருகின்றன. காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவருக்கு இதைவிட எளிது வேறில்லை.

"அதுல முக்கால்வாசி சோளமும் அரிசியும்தானே, நாய்க்கு எதுக்குத் தானியம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நாய் ஓநாய் இல்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு பிரதிகளாக இருப்பதை 2013இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். மனிதரோடு சோறு தின்று பழகிய உடம்பு அது. அதனால் 'தானியம் இல்லாதது' என்று இரண்டு மடங்கு விலையில் வரும் பைகளுக்கு, கையைக் கடிக்கிற பட்ஜெட்டில் அவசியமே இல்லை. அந்த வகைத் தீவனங்களுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018இல் விசாரணையே தொடங்கியது.

பாக்கெட்டின் மலிவான தம்பி ஒன்று உண்டு: கடையில் மூட்டையைப் பிரித்து வைத்து அளந்து தருகிற லூஸ் தீவனம். கிலோ 110, 120. இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். லேபிள் இல்லை, தேதி இல்லை, புரதம் எவ்வளவு என்று கேட்டால் கடைக்காரருக்கே தெரியாது. திறந்த மூட்டையில் கொழுப்பு சிக்கு வாடை அடிக்க ஆரம்பிக்கும், மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் பூஞ்சை. சோளத்தில் பூஞ்சை விட்டால் வரும் அஃப்ளாடாக்ஸின் ஈரலைக் கெடுக்கிற நஞ்சு. சத்தும் மட்டு என்பதால் நாய் 300 கிராமுக்கு மேல் கேட்கும். ஆக நாளுக்கு 35 ரூபாய் வந்துவிடுகிறது. அதே காசில் வீட்டிலேயே நல்ல சாப்பாடு சமைக்கலாம் என்பதைக் கீழே பார்க்கலாம்.

வீட்டுச் சமையலுக்கு வருவோம். நம் ஊர் மாநகராட்சியே ஒரு கணக்கு போட்டிருக்கிறது. 2025 ஜூலையில் தெருநாய்களுக்கு உணவு கொடுக்க பிபிஎம்பி டெண்டர் விட்டபோது, ஒரு நாய்க்குக் கோழி 150 கிராம், அரிசி 100, காய்கறி 100, எண்ணெய் 10 என்று பட்டியல் இருந்தது. செலவு 22 ரூபாய் 42 காசு. வரிப்பணத்தில் நாய்க்குப் பிரியாணியா என்று ஊரே சண்டை போட்டது வேறு விஷயம். என்னைக் கேட்டால் அடிப்படையில் நல்ல பட்டியல்தான். ஒரே குறை, சுண்ணாம்புச் சத்துக்கென்று தனியாக எதுவும் அதில் இல்லை. வீட்டில் சமைக்கிற பெரும்பாலானோர் தவறவிடுவதும் அதைத்தான்.

கோழிக்கடையில் காலை பத்து மணிக்கு மேல், கூட்டம் குறைந்த நேரம் பார்த்துப் போங்கள். "நாய்க்கு வேஸ்ட் கொடுங்க" என்று கேட்டால் குடல், இறகு, கொழுப்பு எல்லாவற்றையும் ஒரே கவரில் அள்ளிப் போட்டுவிடுவார்கள். நான் வாங்குகிற கடைக்காரர் முதல் தடவையே சொன்னார்: "நாய்க்கின்னா முன்னாடியே சொல்லுங்க அண்ணா, கழுத்தும் காலும் தனியா எடுத்து வைக்கிறேன்." கிலோ நூறு ரூபாய்க்குள் முடிகிறது. கழுத்தில் ஓரளவு கறி உண்டு. பாதத்தில் பெரும்பாலும் ஜவ்வும் தோலும்தான். அந்த ஜவ்வுப் புரதத்தில் ட்ரிப்டோஃபேன் என்கிற அமினோ அமிலம் இல்லை. பாதத்தை மட்டும் நம்பி ஓட்ட முடியாது, முட்டையோ கறியோ கூடச் சேர வேண்டும்.

மணிக்கு ஒரு நாள் சாப்பாடு: அரிசி 120 கிராம், கழுத்தும் காலும் 150 கிராம், முட்டை ஒன்று, கேரட்டோ பூசணியோ ஒரு கைப்பிடி, ஒரு ஸ்பூன் எண்ணெய். 850 கலோரி, 43 கிராம் புரதம் தேறுகிறது. அரிசிக்கு 7, கோழிக்கு 15, முட்டைக்கு 7, காய்க்கும் எண்ணெய்க்கும் 6, ஆக 35 ரூபாய், கேஸ் தனி. கோழியை முதலில் தனியாகக் குக்கரில் வைத்து, விசில் வந்ததும் தீயைக் குறைத்து அரை மணி நேரம் விட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு எலும்பையும் விரலில் வைத்து நசுக்கிப் பாருங்கள். மாவாகக் கரைந்தால் உள்ளே போகலாம், அந்த எலும்பே சுண்ணாம்புச் சத்துதான். கரையாமல் குச்சியாக நிற்கிற எதையும் எடுத்து எறிந்துவிடுங்கள். வெந்த எலும்பு ஊசி மாதிரிப் பிளந்து குடலைக் குத்தும்.

எலும்பை எடுத்துவிட்டு வெறும் கறி போடுகிறவர்கள் முட்டை ஓட்டைக் கழுவி, காயவைத்து, வாணலியில் லேசாக வறுத்து, மிக்சியில் நைசாக அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். 15 கிலோ நாய்க்கு நாளுக்கு அரை டீஸ்பூன். கறியில் பாஸ்பரஸ் ஏராளம், சுண்ணாம்பு மிகக் குறைவு. அந்தச் சமன் கெட்டால் உடம்பு தன் எலும்பிலிருந்தே எடுக்க ஆரம்பித்துவிடும். ஈரல் நல்லதுதான், ஆனால் நாளுக்கு 20 கிராமுக்கு மேல் வேண்டாம். வைட்டமின் ஏ உடம்பிலேயே தேங்கிவிடும்.

அப்புறம் தயிர் சாதம். அசைவம் சமைக்கக் கூடாது என்று சொல்லி வாடகைக்கு விடுகிற வீடுகள் இங்கே நிறைய. அங்கே குடியிருப்பவர்களுக்கு இதுதான் வழி. அரிசி 150 கிராம், நந்தினி தயிர் கால் கிலோ என்று வைத்தால் 22 ரூபாய்க்குள் முடிந்துவிடும். இருப்பதிலேயே மலிவு. ஆனால் புரதம் 19 கிராம்கூடத் தேறாது, நமக்கு வேண்டியதில் பாதி. ரோமம் மங்குவது, தோலில் செதில் உதிர்வது, வயிறு மட்டும் உப்பி முதுகு வற்றிப்போவது எல்லாம் வருடக்கணக்கில் இதையே தின்ற நாய்களிடம் பார்க்கிறோம். ஒரு வேகவைத்த முட்டையும் முப்பது கிராம் மீல்மேக்கரும் சேர்த்தால் கதையே மாறுகிறது. புரதம் 39 கிராமுக்கு வந்துவிடும், செலவு 33 ரூபாய். மீல்மேக்கரை ஊறவைத்துப் பிழிந்து, நன்றாக வேகவைத்துப் போடுங்கள். முதல் சில நாள் வாயு பிரியும். முட்டைக்கும் தடை என்கிற வீடாக இருந்தால், என் கருத்தில் பாக்கெட்டே நல்லது.

வீட்டில் மிஞ்சியதைப் போடுவதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. நம் வீட்டில் மிஞ்சுவது சாம்பாரும் குருமாவும். இரண்டிலும் வெங்காயம் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும், வெந்திருந்தாலும் சரி, நாயின் சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையைக் கொண்டுவரும். பாயசத்தில் கிடக்கும் திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். வெறும் சோறு, சப்பாத்தி, மசாலா படாத கறி மிஞ்சினால் தாராளமாகப் போடலாம்.

சரி, எதை எடுப்பது? நான் காலையில் பாக்கெட் தீவனம், மாலையில் சமையல் என்று பாதிப் பாதியாகப் போடுகிறேன். தீவனம் 120 கிராமுக்கு 27 ரூபாய், அரிசி, கோழி, முட்டை எல்லாம் சேர்ந்து 18 ரூபாய், ஆக நாளுக்கு 45. முழுப் பாக்கெட்டைவிட மாதம் 240 ரூபாய்தான் மிச்சம். பிரமாதமான லாபம் இல்லை. ஆனால் ஒரு வேளைத் தீவனம் தாதுக்களையும் வைட்டமின்களையும் கொண்டுவருகிறது, ஒரு வேளைச் சமையல் நல்ல புரதத்தையும் ஈரத்தையும் ருசியையும் கொண்டுவருகிறது. ஒரு நாள் அளவு கொஞ்சம் தவறினாலும் மறு பாதி தாங்கிக்கொள்ளும். சமையலில் கவனமாக இருக்க முடியும், நேரமும் இருக்கிறது என்றால் முழுவதும் வீட்டுச் சாப்பாடு போட்டு மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் மிச்சப்படுத்தலாம். 30 கிலோ லேப்ரடார் வளர்ப்பவருக்கு இது இன்னும் பெரிய தொகை: பாக்கெட்டில் மாதம் 2,700 ஆவது சமையலில் 1,800இல் அடங்கும். அந்த அளவு நாய்க்குக் குக்கர் தூக்குவதில் அர்த்தம் இருக்கிறது. எட்டு கிலோ பொமரேனியனுக்காக அடுப்பு மூட்டுவதில் மிச்சமாவது மிகக் குறைவு, பாக்கெட்டே போதும்.

குட்டி விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு வயது வரை குட்டிகளுக்கான பாக்கெட் தீவனம்தான், கூடவே ஒரு முட்டை. குட்டிக்கு வேண்டிய சுண்ணாம்பு அளவு வளர்ந்த நாயின் இரண்டு மடங்குக்கும் மேல். மர்ஃபி டவுனில் எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பாசமாக அரிசியும் எலும்பில்லாத கோழியும் மட்டுமே கொடுத்து வளர்த்த குட்டிக்கு நாலாவது மாதத்தில் முன்னங்கால் இரண்டும் வில்லாக வளைந்துவிட்டன. உணவை மாற்றி, மருந்து கொடுத்து நிமிர்ந்துவிட்டது, ஆனால் அந்த எக்ஸ்ரே செலவிலேயே பல மாதத் தீவனம் வாங்கியிருக்கலாம். சுண்ணாம்பு டானிக்கை நாமாக வாங்கி ஊற்றுவதும் ஆபத்துதான். பெரிய இனக் குட்டிகளுக்கு அது கூடினாலும் எலும்பு கோணும்.

எதற்கு மாறினாலும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, அடுத்த இரண்டு நாள் அரைப் பங்கு, அப்புறம் முக்கால் என்று ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்கு இரண்டு நாளுக்கு மேல் நின்றாலோ ரத்தம் தெரிந்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். மாதம் ஒரு முறை நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துப் பாருங்கள். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தெரிய வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. எடை ஏறினால் அரிசியைக் குறையுங்கள், முட்டையில் கை வைக்காதீர்கள்.