கிளாக் 19, ரூகர் கார்பைன்: கலிபோர்னியா சட்டம் மிச்சம் வைத்ததில் நான் எடுத்தவை

வீட்டுப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்றதும் டெக்சஸில் இருக்கும் கொழுந்தன் ஏழு மாடல் பெயர்களை எழுதி அனுப்பினார். அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெரியவர் பட்டியலை வாங்கி, பேனாவால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். இரண்டுதான் மிஞ்சியது. அந்தக் கடைக்கு நான் ஐந்து நட்சத்திரம் தருவது அதற்காகத்தான். இதற்கு முன் போன வேறொரு கடையில், நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு குட்டி ரிவால்வரை நீட்டி "பெண்களுக்கு இதுதான் சரி" என்றார்கள்.

எங்கள் வீடு கலிபோர்னியாவின் சென்ட்ரல் வேலியில், பாதாம் தோப்புகளுக்கு நடுவே. கணவருக்கு மாதத்தில் பத்து நாள் வெளியூர் வேலை. பக்கத்து வீட்டு ஷெட்டை ஒரு ராத்திரி உடைத்த பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை. எச்1பி விசாவில் இருந்தவரை இந்தப் பேச்சுக்கே இடமில்லை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அந்த விசாவில் துப்பாக்கி வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு வந்த பிறகுதான் யோசிக்கவே ஆரம்பித்தோம்.

முதலில், துப்பாக்கி வாங்க எழுத வேண்டிய பாதுகாப்புப் பரீட்சை. 30 கேள்வி, 23 சரியாக இருந்தால் பாஸ், கட்டணம் 25 டாலர். டிரைவிங் லைசென்ஸ் தேர்வைவிடச் சுலபம். அப்புறம் கைத்துப்பாக்கி. கலிபோர்னியாவில் கடைக்காரர் புதிதாக எதை விற்கலாம் என்பதற்கு மாநில அரசின் அங்கீகாரப் பட்டியல் ஒன்று இருக்கிறது. நான் வாங்கியபோதே கிளாக் 19 பிஸ்டலில் உலகம் ஐந்தாம் தலைமுறைக்குப் போயிருந்தது. நம் பட்டியலில் இருந்தது மூன்றாம் தலைமுறை. நான் எடுத்ததும் அதுதான். பிஸ்டல் நல்ல பிஸ்டல். ஆனால் கைப்பிடியின் முன்புறம் விரல் பதிய மேடு பள்ளமாக வார்த்திருக்கிறார்கள். என் விரல்கள் சின்னவை. மோதிர விரல் சரியாக ஒரு மேட்டின் மேல் ஏறி உட்கார்கிறது. ஐம்பது குண்டு சுட்டால் அந்த இடம் சிவந்துவிடும். ஐந்தாம் தலைமுறையில் அந்த மேடுகளே கிடையாது.

அந்தக் குட்டி ரிவால்வரையும் விடாமல், சுடும் பயிற்சி ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்தேன். ஸ்மித் அண்ட் வெசன் 642, ஐந்து குண்டு. எடை குறைவு என்பதே அதன் குறை. உதைப்பு முழுவதும் உள்ளங்கையில் இறங்குகிறது. ட்ரிகரை இழுத்து முடிப்பதற்குள் குறி நகர்ந்துவிடுகிறது. பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டியவர்களுக்குச் சரி. படுக்கையறை மேசைக்கு இது வேண்டாம்.

ரைஃபிள் கதை வேறு. கொழுந்தனின் பட்டியலில் ஏஆர்-15 தான் முதலில் இருந்தது. இங்கே தானியங்கி நிரப்பல், கழற்றும் மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி), தனியாக நீளும் பிஸ்டல் கைப்பிடி மூன்றும் சேர்ந்தால் அது தடைசெய்யப்பட்ட 'அசால்ட் வெப்பன்'. அதைத் தவிர்க்க, கைப்பிடியைச் சுற்றிக் கட்டை விரல் வளையாதபடி மீன் துடுப்பு மாதிரி ஒரு பலகையைப் பொருத்தி விற்கிறார்கள். பிடித்துப் பார்த்தேன். குடையைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி இருந்தது.

பெரியவர் உள்ளே போய் ரூகர் பிசி கார்பைன் என்ற குட்டை ரைஃபிளைக் கொண்டுவந்தார். பழைய பாணித் தோள்கட்டை, 16 அங்குலத்துக்குச் சற்று மேல் நீளமுள்ள குழல், 9 எம்எம் தோட்டா. அடியில் இரண்டு திருகைக் கழற்றி, மேகசின் நுழையும் பகுதியை மாற்றினார். கிளாக்கின் மேகசினை எடுத்து அதற்குள் சொருகினார். 'டக்' என்று உட்கார்ந்தது. அந்த ஒரு சத்தத்துக்கே வாங்கிவிட்டேன் என்று சொல்லலாம். இரண்டுக்கும் ஒரே தோட்டா, ஒரே மேகசின். கை நடுங்கும் நேரத்தில் எது எதற்கு என்று யோசிக்க வேண்டாம். குறை என்றால் எடை: ஏறக்குறைய மூன்று கிலோ, நான் எதிர்பார்த்ததைவிட முன்பக்கம் கனம். ஆனால் தோளில் அணைத்துச் சுடும்போது என் குறி பிஸ்டலைவிட இரண்டு மடங்கு நன்றாக இருக்கிறது. நடுவில் கழற்றி இரண்டு துண்டாகவும் வைத்துக்கொள்ளலாம்.

மேகசினில் பத்து குண்டுக்கு மேல் இங்கே கூடாது. கொழுந்தன் தன்னிடம் இருந்த 15 குண்டு மேகசின் இரண்டைப் பொங்கல் பரிசாகக் கொண்டுவருவதாகச் சொன்னார். மாநில எல்லைக்குள் கொண்டுவந்தாலே குற்றம் என்று புரியவைக்க எனக்கு ஒரு முழு போன் கால் ஆனது.

பிஸ்டல் விலை 549 டாலர். அதன் மேல் 2024 ஜூலையில் வந்த 11 சதவீத மாநில வரி 60.39, வழக்கமான விற்பனை வரி, அரசுப் பதிவுக் கட்டணம் 37.19. பிறகு பத்து நாள் காத்திருப்பு. பத்து முழு 24 மணி நேரம். சனிக்கிழமை மாலை 4:40-க்குப் பதிவானது. பத்தாம் நாள் செவ்வாய் நான்கு மணிக்கே போய் நின்றேன். பெரியவர் கடிகாரத்தைக் காட்டி நாற்காலியைக் காட்டினார். 4:40-க்குத்தான் கையில் கொடுத்தார். அதற்கு முன்பே, ஆரஞ்சு நிறப் போலித் தோட்டாவைப் போட்டு, எடுத்து, பூட்டிக் காட்டச் சொல்லியிருந்தார். பிஸ்டலின் மேல் பாகமான ஸ்லைடை இரண்டு விரலால் பின்னே இழுக்க முயன்றேன். "முழுக் கையால் பிடியுங்கள், மற்ற கையால் பிஸ்டலை முன்னே தள்ளுங்கள்" என்றார். உடனே வந்தது.

இந்த மாடலையே வாங்க நினைப்பவர்கள் கவனிக்கவும்: 2026 ஜூலை 1 முதல் இந்த வகை கிளாக்குகளைக் கடைகள் விற்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

கைரேகைப் பூட்டு வைத்த பெட்டி ஒன்றும் வாங்கினேன், அதற்கு ஒரு நட்சத்திரம். பாத்திரம் கழுவிய ஈரக் கையை அது அடையாளமே காண்பதில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, இருட்டில் தடவியே அழுத்தக்கூடிய நான்கு பொத்தான் பெட்டிக்கு மாறினேன். எட்டு வயதுப் பையன் இருக்கும் வீடு. பூட்டாமல் வைப்பது என்ற பேச்சே இல்லை.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். தாத்தா தேர்தல் வந்தால் இரட்டைக்குழல் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். அதைத்தான் நினைத்தார் போல.

"இங்கே எலெக்‌ஷனுக்குக் கொண்டுபோய்க் குடுக்க வேண்டாமாடி?"

"வேண்டாம்மா."

"நல்லா விசாரிச்சியா?" என்றார்.