அம்பாசடர் மாஸ்டர் சிலிண்டர்: கிட் போதுமா, ஸ்லீவ் போடணுமா?

சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி நிற்கிறீர்கள். மிதி முதலில் கெட்டியாகத்தான் இருக்கிறது. அப்புறம் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. எந்தச் சக்கரத்திலும் கசிவு இல்லை, டப்பாவில் பிரேக் ஆயிலும் குறையவில்லை. என் மார்க் 3 அம்பாசடரில் தொல்லை இப்படித்தான் தொடங்கியது.

மிதி பஞ்சு மாதிரி அமுங்கினால் பெரும்பாலும் ஆயில் லைனில் காற்று. ஏர் எடுத்தால் சரியாகிவிடும். அழுத்திப் பிடித்த மிதி தானாக இறங்கினால், மிதியின் அழுத்தத்தை ஆயில் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப்பைத் தாண்டி ஆயில் பின்னால் நழுவுகிறது. என் வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன். இதைத் தள்ளிப்போடவே கூடாது.

முதலில் கிட் (சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப், சீல்களின் செட்) மட்டும் மாற்றினேன். செலவு குறைவு, அரை நாள் வேலை. நாலே மாதத்தில் மிதி மறுபடி இறங்கியது. கழற்றித் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்சுவரின் அடிப்பக்கத்தில் ஊசிமுனை அளவில் துருக் குழிகள். விரலுக்குத் தட்டுப்படவில்லை, நகத்தை ஓட்டினால் இடறியது. அந்தக் குழிகள்மேல் ஓடி ஓடியே புதுக் கப்பின் விளிம்பு தேய்ந்திருந்தது.

டாட் 3, டாட் 4 என்ற பிரேக் ஆயில் வகைகள் இரண்டுமே காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அதிகம் ஓடாமல் நிற்கிற வண்டியில் அந்த ஈரம் வார்ப்பிரும்பை அரித்துவிடும். புது சிலிண்டரே வாங்கலாம்தான். ஆனால் அதுவும் அதே இரும்பு. கடையில் வருடக்கணக்கில் கிடந்ததென்றால் ரப்பரும் இறுகியிருக்கும்.

அதனால் என் ஓட்டு ஸ்லீவுக்கு. லேத் பட்டறையில் உள்விட்டத்தைக் கடைந்து பெரிதாக்கி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் இறக்கி, பழைய அளவுக்கே ஹோன் செய்து (உள்சுவரை உரசி வழவழப்பாக்கி) தந்தார்கள். இதில் உயிர்நாடி ஒன்றுதான்: டப்பாவுக்கு ஆயில் திரும்பும் அந்தப் பொடித் துளை. ஸ்லீவில் அது இடம் பிசகினாலோ அடைத்தாலோ, காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்தபடியே இருக்கும். துளை ஓரத்தில் பிசிர் இருந்தால் கப் கிழியும். வாங்கும்போதே உள்ளே வெளிச்சம் அடித்து இதைப் பார்த்துவிடுங்கள்.

எனக்கு ஸ்லீவ் போட்டு இரண்டு மழைக்காலம்தான் ஆகிறது. மிதி இறங்கவில்லை, பத்து வருடம் தாங்குமா என்று இப்போதே அடித்துச் சொல்ல மாட்டேன். ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதை மட்டும் விடப்போவதில்லை.

உங்கள் சிலிண்டரில் நகம் எங்கும் இடறவில்லையா? அப்படியானால் கிட் மட்டுமே போதும், லேத்துக்கு அலைய வேண்டாம். கழுவுவதற்கு மட்டும் பெட்ரோலைத் தொடாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். புது பிரேக் ஆயிலிலேயே கழுவுங்கள்.