142 கிராம் கணக்கு: வேனில் பொருத்திய எரிவாயு ஹீட்டர்

எங்கள் வீட்டில் இரவு விளக்கை அணைப்பதற்கு முன் அம்மா தவறாமல் கேட்கும் கேள்வி, "சிலிண்டரை மூடினாயா?" கோவில்பட்டியில் அந்தக் கேள்வியைக் கேட்டே வளர்ந்தவள் நான். கதவைச் சாத்திக்கொண்டு, எரிவாயு எரிந்துகொண்டிருக்கும் தகரப் பெட்டிக்குள் படுத்துத் தூங்குவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் திருநீறு பூசிவிட்டிருப்பார்கள். இரண்டு குளிர்காலமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அதனால் இந்த மதிப்புரையை எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

நான் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். வார இறுதிகளில் நாங்கள் கிளம்பிப் போய்த் தங்கும் வண்டி, 2013ஆம் ஆண்டின் வோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் வேன். முன்பு தரைவிரிப்பு ஏற்றிக்கொண்டு திரிந்தது. வெயில் அடித்தால் இன்னமும் அந்த ரப்பர் வாடை வரும். கட்டில், அலமாரி, இரட்டை அடுப்பு எல்லாம் நானும் என் கணவரும் மகனுமாகச் செய்தவை. சூடேற்றும் வேலையை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம். சுவர்களுக்குள் ஆட்டுரோமம் திணித்திருக்கிறோமே, போதாதா என்று நினைப்பு.

போதவில்லை. நவம்பரில் கிளென்கோ மலைப்பகுதியில் ஓர் இரவு தங்கினோம். காலையில் கண்ணாடியின் உட்பக்கம் பனி படர்ந்திருந்தது. டீ போடலாமென்று அடுப்பைப் பற்றவைத்தால் சுடர் மஞ்சாடி விதை அளவுக்குச் சுருங்கி, திணறி, அணைந்தே போனது. சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன், பாதிக்கு மேல் இருந்தது. அது பியூட்டேன் சிலிண்டர். பியூட்டேன் ஆவியாக மாறும் வெப்பநிலை பூச்சியத்துக்கு அரை டிகிரிதான் கீழே. அதற்கும் கீழே குளிர்ந்தால் உள்ளே திரவமாகவே கிடக்கும், வெளியே வராது. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். மருந்தகத்தில் வேலை செய்பவளுக்குக் கொதிநிலை தெரியாதா என்று கணவர் அந்தக் குளிரிலும் கேட்டார். தெரியும். யோசிக்கவில்லை.

கிளாஸ்கோவுக்குத் திரும்பியதும் சிவப்பு நிறப் புரோப்பேன் சிலிண்டருக்கு மாறினோம். கூடவே ஹீட்டர் பேச்சும் தொடங்கியது.

கணவர் டீசல் ஹீட்டர் கட்சி. வண்டியின் தொட்டியிலிருந்தே எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், சிலிண்டர் தீர்ந்துபோகும் கவலை இல்லை, சீனத் தயாரிப்புகள் மலிவு. எல்லாம் உண்மை. ஆனால் அந்தச் சிறிய பம்ப் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும் சத்தத்தை நண்பர் ஒருவரின் வண்டியில் ஒரு முழு இரவு கேட்டிருக்கிறேன். மேலும் அடுப்புக்காக எங்களிடம் எரிவாயு ஏற்கெனவே இருந்தது. ஒரு எரிபொருளோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கட்சி. என் சம்பளத்தில் வாங்கியதால் என் கட்சி வென்றது.

வாங்கியது புரோபெக்ஸ் எச்எஸ்2000. சவுத்தாம்ப்டனில் தயாராகிறது. ஏறக்குறைய ஒரு பெரிய ஷூ பெட்டி அளவு. பொருத்தும் சாமான்களோடு எனக்கு 600 பவுண்டைத் தாண்டியது. 1.9 கிலோவாட் வெப்பம் தருகிறது. முழு வேகத்தில் மணிக்கு 142 கிராம் எரிவாயு குடிக்கும் என்று விவரத்தாளில் போட்டிருந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். நம் ஊர் வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ இருக்கும் அல்லவா? அப்படியானால் ஊர்ச் சிலிண்டர் ஒன்று இந்த ஹீட்டருக்குச் சரியாக 100 மணி நேரம். யாரோ எனக்காகவே கணக்குப் போட்டு வைத்தது போல இருந்தது. வேனில் இருப்பது 6 கிலோ சிலிண்டர். விடாமல் ஓடினால் 42 மணி நேரம். ஆனால் விடாமல் ஓடுவதில்லை. தெர்மோஸ்டாட்டில் வைத்த சூடு வந்ததும் நின்றுவிடும், குறைந்தால் மறுபடி பற்றிக்கொள்ளும். பிப்ரவரியில் நான்கு இரவுகள் தங்கியும் பாதிச் சிலிண்டர்கூடத் தீரவில்லை.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அடுப்பில் எரிவது போல இதில் சுடர் அறைக்குள் திறந்து எரிவதில்லை. எரிவதற்கான காற்றை வண்டியின் அடியிலிருந்து ஒரு குழாய் இழுக்கிறது. புகையை இன்னொரு குழாய் வண்டிக்கு அடியில் கொண்டுபோய் விடுகிறது. நடுவில் மூடிய உலோக அறைக்குள் சுடர். நாம் மூச்சுவிடும் காற்று அந்த அறையின் வெளிப்புறத்தைத் தடவிக்கொண்டு சூடேறி வருகிறதே தவிர, சுடரைத் தொடுவதே இல்லை. கார்பன் மோனாக்சைடு வேனுக்குள் சேராமல் இருப்பது இதனால்தான். கண்ணாடியில் வியர்க்காமல் இருப்பதற்கும் இதுவே காரணம். ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் உண்டாகிறது. அடுப்பைப் பற்றவைத்தே எட்டு மணி நேரம் குளிர்காய்வதாக வைத்துக்கொண்டால், இதே அளவு எரிவாயுவுக்கு இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீர் நம் போர்வையிலும் சுவரிலும் வந்து உட்காரும். சிலர் அப்படித்தான் குளிர்காய்கிறார்கள். தண்ணீரையாவது துடைத்துக்கொள்ளலாம், கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அதற்கு வாடை கிடையாது.

பொருத்துவதில் எங்கள் பங்கு, துளை போடுவதும் பெட்டியை உட்காரவைப்பதும். கட்டிலுக்கு அடியிலுள்ள அலமாரியில் இடம் பார்த்தோம். டிரில்லை எடுப்பதற்கு முன் கணவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, டீசல் தொட்டி எங்கே, பிரேக் குழாய் எங்கே, ஒயர் எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகக் குரல் கொடுத்தார். நான் மேலே சாக்பீஸால் குறித்தேன். முதல் துளை விழுந்து, அதன் வழியாகக் கீழே அவருடைய நெற்றி தெரிந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. தகட்டுத் துளையின் ஓரத்தை அரத்தால் ராவி, துருத்தடுப்பு வண்ணம் இரண்டு முறை பூசி ஒரு நாள் காயவிட்டோம். உப்புத் தூவிய ஸ்காட்லாந்துச் சாலைகளில் ஓடும் வண்டிக்கு இந்த ஒரு நாள் முக்கியம். புகைக்குழாய் ஒரே சரிவாகக் கீழ்நோக்கி இறங்க வேண்டும்; நடுவில் தொங்கிப் பள்ளம் விழுந்தால் தண்ணீர் தேங்கி அடைத்துக்கொள்ளும். காற்று இழுக்கும் வாயும் புகை விடும் வாயும் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்க வேண்டும், இல்லையென்றால் தன் புகையைத் தானே குடித்துத் திணறும்.

எரிவாயுக் குழாய் வேலையை நாங்கள் தொடவில்லை. ஆனால் அதிலும் ஒரு கூத்து நடந்தது. அடுப்புக்கான செம்புக் குழாயை முன்பு ஒரு பட்டறையில் போட்டிருந்தோம், பெயர் வேண்டாம். அதிலிருந்தே ஹீட்டருக்கும் ஒரு கிளை எடுத்தால் போதும் என்று நினைத்துத்தான் எரிவாயு வேலைக்கு உரிமம் பெற்றவர்களின் பதிவேடான கேஸ் சேஃபில் பதிவுள்ள ஒருவரை வரவழைத்தோம். பிரிட்டனில் 2009 முதல் இந்தப் பதிவேடுதான். அட்டையைக் காட்டுங்கள் என்று கேட்கத் தயங்க வேண்டாம். அதன் பின்பக்கத்தைத்தான் படிக்க வேண்டும். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அங்கேதான் இருக்கும். வீட்டுக் கொதிகலன் மட்டும் பார்ப்பவர் நமக்கு ஆக மாட்டார். எல்பிஜியும் கேரவன் வகை வாகனங்களும் அதில் இருக்க வேண்டும்.

வந்தவர் அதிகம் பேசாத மனிதர். முதலில் புதுவேலை எதையும் தொடவில்லை. பழைய குழாயின் முனையில் ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டினார். ஆங்கில எழுத்து யு போல வளைந்தது, உள்ளே தண்ணீர். எரிவாயுவைக் கொஞ்சம் விட்டு வால்வை மூடியதும் ஒரு பக்கத் தண்ணீர் தாழ்ந்து, மறுபக்கம் உயர்ந்து நின்றது. கசிவு இல்லையென்றால் இரண்டும் அப்படியே நிற்க வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவர் நின்றார். அளவுகோலில் கண்ணை வைத்து நான் நின்றேன். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு உயர்ந்து நின்ற தண்ணீர் ஒரு நூலிழை இறங்கியது. என் கண்ணின் கோளாறோ என்று நினைத்தேன். இன்னும் ஒரு நூலிழை. அவர் ஒன்றும் சொல்லாமல் வால்வைத் திறந்து கருவியைக் கழற்றினார்.

கசிவு, அலமாரிப் பலகைக்குப் பின்னால் கையே எட்டாத இடத்தில் இருந்த ஓர் இணைப்பில். இரண்டு வருடமாக அந்தக் குழாயில்தான் சமைத்துக்கொண்டிருந்தோம். நான் பாத்திரம் கழுவும் சோப்பு நீரைக் கொண்டுவந்து நீட்டினேன், ஊரில் சிலிண்டர் மாற்றும்போது செய்வதுதானே. வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டு, தன் பெட்டியிலிருந்து இதற்கென்றே விற்கும் திரவத்தை எடுத்துத் தெளித்தார். பாத்திர சோப்பில் உள்ள உப்பு நாளடைவில் உலோகத்தை அரிக்குமாம். குமிழ்கள் கடுகு அளவில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பலகைக்குப் பின்னால் இணைப்பே இருக்கக்கூடாது என்று சொல்லி, அந்தக் குழாயை முழுவதும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டார். அடுப்புக்கு ஒரு தனி வால்வு, ஹீட்டருக்கு ஒரு தனி வால்வு. சிலிண்டர் பெட்டியின் அடித்துளையையும் டார்ச் அடித்துப் பார்த்தார். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும், அதனால் தரையிலேயே அது வெளியேற வழி வேண்டும். கூலி 210 பவுண்டு. இந்த வண்டிக்குச் செலவழித்ததில் நான் ஒரு நொடியும் வருத்தப்படாத தொகை அது.

ஹீட்டரின் விசிறிக்கும் தீப்பொறிக்கும் பேட்டரி மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் எங்கள் குடும்ப நண்பர், யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக இங்கே எலக்ட்ரீஷியன். நான் முன்கூட்டியே ஒயர் இழுத்து வைத்திருந்தேன். பார்த்தவர், "தங்கச்சி, இது காதிலே மாட்டுகிற தோட்டுக்குக் காணும்" என்றார்.

"ஒன்றரை ஆம்பியர்தானே அண்ணை?"

"ஓடும்போது அவ்வளவுதான். பேட்டரி இறங்கின நேரம் விடியற்காலையில் இந்த மெல்லிய ஒயரில் மிச்ச வோல்ட்டையும் இழந்தால் ஹீட்டர் நின்றுவிடும். அப்போது என்னைக் கூப்பிடக்கூடாது."

தடித்த ஒயர் போட்டு, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்தார். கூலி வாங்கவில்லை, இடியாப்பமும் சொதியும் சாப்பிட்டார்.

முதல் ஓட்டத்தில் எண்ணெய் கருகும் வாடை வரும், பயப்பட வேண்டாம். கதவுகளைத் திறந்துவைத்து அரை மணி நேரம் ஓடவிட்டால் போய்விடும். கார்பன் மோனாக்சைடு அலாரத்தை மட்டும் அதற்கு முன்பே மாட்டிவிடுங்கள். வீட்டுக்கு விற்பது வேறு; கேரவன், படகுகளுக்கான தரம் ஈஎன் 50291-2. பெட்டியில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

உண்மையான சோதனை ஏவிமோருக்கு அருகில் லோக் மோர்லிச் ஏரிக்கரையில். வெளியே மைனஸ் 6. தெர்மோஸ்டாட்டை 16இல் வைத்தோம். கால் மணி நேரத்தில் மகன் ஸ்வெட்டரைக் கழற்றினான். சூடான காற்று வரும் வாயைத் தரையோரமாக, கதவுக்கு நேராக வைத்தது நல்ல முடிவு. ஈரக் காலுறைகளை அதன்முன் வைத்தால் காலைக்குள் அப்பளம் போலக் காய்ந்துவிடுகின்றன. அன்று இரவு அம்மா வீடியோவில் வந்தார். வேன், குளிர், பேரன் எல்லாம் பேசி முடித்துவிட்டு, எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார். "மூடிவிட்டேன் அம்மா" என்றேன். அடுப்பின் வால்வை மூடியிருந்தேன்தான். கணவர் போர்வைக்குள் சிரித்தது அம்மாவுக்குக் கேட்டிருக்காது என்று நம்புகிறேன்.

அன்று நான் தூங்கவில்லை. அது பற்றிக்கொள்வதையும் அணைவதையும் எண்ணிக்கொண்டு கிடந்தேன். முதலில் விசிறிச் சத்தம், பிறகு தீப்பொறியின் மெல்லிய டிக் டிக், பிறகு உள்ளே புஸ்ஸென்று ஒரு மூச்சு. ஓடிக்கொண்டே இருந்தால் பழகிவிடும் சத்தம்தான். நின்று நின்று தொடங்குவதுதான் லேசாகத் தூங்குபவர்களை எழுப்பும். இரண்டாம் இரவு தூங்கிவிட்டேன். வெளியே புகைவாய் சீறுவது பக்கத்துக் கூடாரத்துக்காரர்களுக்குக் கேட்கும், அதனால் வண்டியை நிறுத்தும்போது அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்கிறேன்.

இதுவரை ஒரு தடவைதான் நின்றுபோனது, அதுவும் எங்களால். தெர்மோஸ்டாட்டில் விளக்கு சிமிட்டியது, அனல் நின்றது. ஒயரா, எரிவாயுவா, பேட்டரியா என்று ஒரு மணி நேரம் தேடினோம். அலமாரியைத் திறந்தால், காற்று உள்ளே போக வேண்டிய சல்லடை வாயில் மகன் மூன்று பனிக்கோட்டுகளைத் திணித்து வைத்திருந்தான். சூடு மிஞ்சி, ஹீட்டர் தன்னைத் தானே அணைத்துக்கொண்டிருக்கிறது. எடுத்துப்போட்டதும் சரியாகிவிட்டது.

வாரக்கணக்கில் குளிரில் வண்டியிலேயே வாழ்பவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்குக் கணவர் கட்சிதான் சரி. மூன்று நாளுக்கொருமுறை சிலிண்டர் தேடி அலைய முடியாது. வெந்நீரும் வேண்டுமென்றாலும் இது உதவாது, காற்றை மட்டுமே சூடாக்கும். எங்களைப் போல வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்புபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் பார்க்கவில்லை.

மறுபடி செய்வதானால் ஒன்றை மாற்றுவேன். அலமாரியின் முன்பலகையை அழகாக இருக்கட்டும் என்று பதினொரு ஸ்குரூ போட்டு இறுக்கியிருந்தேன். கோட்டுகள் மாட்டிய அன்று, மைனஸ் டிகிரியில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பதினொன்றையும் கழற்றினோம். இப்போது அந்தப் பலகை இரண்டு கொக்கியில் நிற்கிறது.