பொறுக்கி எடுப்பதா, தொட்டுக் கொடுப்பதா? வாய்க்குள் நடக்கும் மரபணுப் பரிமாற்றம்

சேலத்துக் கடைவீதியில் தட்டுவடை செட் தின்றவர் பல்லிடுக்கில் பாக்டீரியாக்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அவை மரபணுவைக் கைமாற்றும் முக்கிய வழிகளில் இரண்டு இவை.

பொறுக்குவது முதலாவது. உடைந்த செல்லிலிருந்து சிதறிய டி.என்.ஏ.வை வேறொரு பாக்டீரியா உள்ளே இழுத்துக்கொள்ளும். 1928இல் பிரிட்டன் ஆய்வாளர் கிரிஃபித் நிமோனியா கிருமியில் கண்டது இதைத்தான். பல்லைச் சொத்தையாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் இதில் பலே கில்லாடி. அண்டைக் கிருமியைக் கொல்லும் புரதத்தைத் தானே சுரந்து, அது சிந்தும் டி.என்.ஏ.வையும் எடுத்துக்கொள்ளும். கொன்றவனே வாரிசாவது போல!

இரண்டாவது, உடலோடு உடல் ஒட்டிக் கொடுப்பது. 1946இல் அமெரிக்க விஞ்ஞானிகள் லெடர்பெர்க்கும் டேட்டமும் காட்டியது. கொடுப்பதும் உயிரோடு இருக்க வேண்டும்.

எச்சிலில் டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகள் உண்டு. வெளியே கிடக்கும் துண்டுக்குத்தான் அந்த ஆபத்து. பொறுக்கிய துண்டு பெரும்பாலும் நெருங்கிய உறவுக்காரருடையதாக இருந்தால்தான் மரபணுத்தொகுதியில் ஒட்டும். ஒட்டிக் கொடுப்பதற்கு அந்தக் கட்டுப்பாடு குறைவு: டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்துக்கான எதிர்ப்பைச் சுமக்கும் டிஎன்916 என்ற தாவும் டி.என்.ஏ. துண்டு தூரத்து இனங்களுக்கும் போகும். எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். ஆனாலும் முதல் வழியைச் சாதுவென்று விட முடியாது. நிமோனியா கிருமிக்குப் பென்சிலின் எதிர்ப்பு வந்ததில், வாயில் வாழும் அதன் உறவினரிடம் பொறுக்கிய துண்டுகளுக்குப் பெரும் பங்கு.