ஹொக்கைடோவை சுத்திப் பாக்க ட்ரெயினா, பஸ்ஸா, காரா? என் ஓட்டு ட்ரெயினுக்கு

ஜப்பான்னாலே புல்லட் ட்ரெயின் எல்லா ஊருக்கும் போயிடும்னு நெனச்சு, வடக்குத் தீவான ஹொக்கைடோவுக்கும் பிளான் போடுறவங்க நெறைய. அங்க ஷின்கான்சென் (அதான் அந்த புல்லட் ட்ரெயின்) 2016-ல தீவோட தெக்கு ஓரத்துல ஷின்-ஹகோதாதே-ஹொகுட்டோ ஸ்டேஷன் வரைக்கும் வந்ததோட சரி, தீவோட தலைநகர் சப்போரோவுக்கு நீட்டிப்பு 2030-ன்னு சொல்லி அதையும் தள்ளிப் போட்டுட்டாங்க. அங்க இறங்கி ஹொகுட்டோ எக்ஸ்பிரஸ் பிடிச்சா சப்போரோவுக்கு இன்னும் மூணரை மணி நேரம். சப்போரோவுல இருந்து வடக்கு முனை வக்கனாய் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர், எக்ஸ்பிரஸ்லயே அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆகும். தீவுதானே, ரெண்டு நாள்ல சுத்திடலாம்னு மட்டும் கணக்கு போடாதீங்க.

நானும் வீட்டுக்காரரும் பிப்ரவரியில போனோம், ட்ரெயின் பாஸ் எடுத்து, ட்ரெயின் போகாத எடத்துக்கு மட்டும் பஸ். அதனால நான் எந்தப் பக்கம்னு ஒளிக்கல.

சப்போரோ, ஒதாரு, ஏர்போர்ட் இதுக்கெல்லாம் யோசிக்கவே வேணாம். ஷின்-சிட்டோசே ஏர்போர்ட்டுக்கு அடியிலயே ஸ்டேஷன், 40 நிமிஷத்துக்குள்ள சப்போரோ. ஊருக்குள்ள மூணு சப்வே லைன், ஒதாருவுக்கு அடிக்கடி ட்ரெயின். இங்க கார் எடுத்தா பார்க்கிங் காசுதான் தண்டம்.

காரை நான் அங்க ஓட்டல, அதனால இந்தப் பாகத்தை அப்படியே நம்பிடாம படிங்க. நமக்கு வசதி என்னன்னா அங்கயும் இடது பக்கம்தான் ஓட்டணும், ஸ்டியரிங்கும் வலது பக்கம், இந்தியாவுல எடுத்த இன்டர்நேஷனல் பெர்மிட்டும் செல்லும். நாலு பேரா போனா தலைக்கு வர்ற செலவும் கம்மியாயிடும். கோடையில ஃபுரானோ, பியேய், ஷிரெட்டோகோ பக்கம் போறவங்களுக்கு கார்தான் சரின்னு நானே சொல்லுவேன். ஆனா குளிர்காலத்துல ரோடு கண்ணாடி மாதிரி உறைஞ்சு கெடக்கும், காத்தடிச்சா பனி பறந்து முன்னாடி போற வண்டியே தெரியாது, கிழக்குப் பக்கம் போனா திடீர்னு மான் வேற குறுக்க பாயும். பனி டயர் போட்டுத்தான் வண்டி தருவாங்க, ஆனா அந்த ரோட்டுல கை பழகணுமே. ஒரு ஊர்ல எடுத்து வேற ஊர்ல விட்டா தனி சார்ஜ் உண்டு, அது பல பேர் கணக்குல வர்றதில்ல.

பஸ்ஸுல முதல் லாபம் காசு. சப்போரோ–அசாஹிகாவா ட்ரெயின்ல 85 நிமிஷம், பஸ்ல ரெண்டு மணி நேரம், ஆனா டிக்கெட் ஏறக்குறைய பாதிதான். ஃபுரானோவுக்கும் சப்போரோவுல இருந்து நேரா பஸ் இருக்கு, ட்ரெயின்ல போனா பெரும்பாலும் தாகிகாவாவுல இறங்கி மாறணும். குஷிரோ, அபாஷிரி மாதிரி தூரத்து ஊருக்கு ராத்திரி பஸ் ஓடுது, ஒரு நாள் ரூம் வாடகை மிச்சம்னு சொல்றாங்க, நான் ஏறினதில்ல. லோக்கல் பஸ்ல ஏறும்போது ஒரு குட்டி நம்பர் சீட்டு எடுத்துக்கணும், இறங்கும்போது முன்னாடி போர்டுல அந்த நம்பருக்கு நேரா காட்டுற காசை போட்டுட்டு இறங்கணும். சில்லறை வச்சிருங்க.

இப்ப முக்கியமான விஷயம். ஹொக்கைடோவுல வேகமும் விலையும் ரெண்டாம்பட்சம், இதை விட்டா அடுத்த வண்டி எப்போங்குற கேள்விதான் முதல்ல. சப்போரோ–அசாஹிகாவாவுல ஒண்ணை விட்டா ஒரு காபி குடிக்கிற நேரத்துல அடுத்தது வந்துடும், பிரச்சினையே இல்ல. ஆனா வக்கனாய்க்கு சப்போரோவுல இருந்து நேரா போற சோயா எக்ஸ்பிரஸ் ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு, மத்ததுக்கு அசாஹிகாவாவுல மாறணும். அபாஷிரிக்கு நேரா போற ஒகோட்ஸ்க் எக்ஸ்பிரஸ் ரெண்டுதான். குஷிரோ சதுப்பு நிலத்து வழியா அபாஷிரி போற சென்மோ லைன் இருக்கே, அவ்ளோ அழகு, ஆனா முழு தூரமும் போற வண்டியை விரல் விட்டு எண்ணிடலாம். மினி பஸ் வர்ற கிராமத்துல டைம் பாத்து வீட்ட விட்டுக் கெளம்புவோமே, அந்த மாதிரிதான் அங்க வாழ்க்கை. ஷிரெட்டோகோவுக்கு ஷாரி ஸ்டேஷன்ல இறங்கி உட்டோரோவுக்கு 50 நிமிஷம் பஸ், ட்ரெயினும் பஸ்ஸும் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரலேன்னா குளிர்ல காத்துக் கெடக்கணும். அதனால பிளானை காலையில இருந்து போடாம, ராத்திரி திரும்பற கடைசி வண்டி எதுன்னு பாத்து அங்கேருந்து பின்னாடி கணக்கு போட்டுட்டே வாங்க.

இதோட லைனே காணாம போறதும் சேருது. அங்க ட்ரெயின் ஓட்டுற கம்பெனி ஜேஆர் ஹொக்கைடோ 2016 நவம்பர்ல, மொத்த ரூட்ல பாதி அளவுக்கு, 1,237 கிலோமீட்டரை தனியா நடத்த முடியாதுன்னு அறிவிச்சாங்க. அப்புறம் 2021-ல ஹிடாகா லைன்ல முகாவாவுக்கு அந்தப் பக்கம் மூடியாச்சு, 2024 மார்ச்சோட ஃபுரானோ–ஷின்டோகு போச்சு. ஆக ஃபுரானோவுல இருந்து ஓபிஹிரோவுக்கு நேரா ட்ரெயின்ல போற வழியே இப்ப இல்ல, பஸ்தான். பழைய பயணக் குறிப்பை வச்சுக்கிட்டு போகாதீங்க.

அப்ப ட்ரெயினை ஏன் தூக்கிப் பிடிக்கிறேன்னா, பாஸ்தான் காரணம். ஹொக்கைடோ ரயில் பாஸ் 5, 7, 10 நாள்னு இருக்கு, தொடர்ச்சியான நாளா ஓடும். சப்போரோ–குஷிரோ ஒரு வழி டிக்கெட்டே 10,000 யென்னை ஒட்டி வருது, 5 நாள் பாஸ் 20,000 யென்னுக்கு மேல, விலை அப்பப்ப ஏறுது, ஆனாலும் ஒரு தூரத்து ஊருக்குப் போயிட்டு வந்தாலே முக்கால்வாசி கழிஞ்சிடும். அதைவிடப் பெருசு, பனி பெஞ்சு ஒரு வண்டி ரத்தானா புது டிக்கெட்டுக்குக் காசு கட்டாம வேற ஊருக்குத் திரும்பிடலாம். அபாஷிரி போக வேண்டிய நாள்ல காத்து சரியில்லேன்னு நாங்க கவுண்டர்ல சீட்டை மாத்திக்கிட்டு ஓபிஹிரோ போனோம், கூட ஒரு யென் கேக்கல. தனித்தனியா டிக்கெட் எடுத்திருந்தா ரீஃபண்டுக்கு நின்னுட்டு இருந்திருப்போம். ட்ரெயின் நிக்கவே நிக்காதுன்னு சொல்லல, 2022 பிப்ரவரி பனியில சப்போரோவுல ட்ரெயின் மொத்தமும் நின்னுச்சு. ஆனா அந்த மாதிரி பனியில ஹைவேயையும் மூடிடுவாங்க, பஸ்ஸும் காரும் மட்டும் எங்க போகும்? ஸ்டேஷன்லயாவது ஹீட்டர் ஓடும்.

இந்த பாஸ் ஷின்கான்சென்ல செல்லாது. ஹொகுட்டோ, ஓசோரா, டொகாச்சி எக்ஸ்பிரஸ் மூணுலயும் 2024 மார்ச்ல இருந்து எல்லாமே ரிசர்வ் சீட்தான், பாஸ் காட்டினா சும்மாவே போட்டுக் குடுப்பாங்க, முன்னாடியே போட்டுருங்க. நாடு முழுக்க செல்ற ஜேஆர் பாஸ் 2023 அக்டோபர்ல 7 நாளுக்கு 29,650-ல இருந்து 50,000 யென்னுக்கு ஏறிடுச்சு, ஹொக்கைடோ மட்டும்னா அது வேணாம். அப்புறம் இந்த எக்ஸ்பிரஸ்ல சாப்பாடு விக்கிறதை 2019-லயே நிறுத்திட்டாங்க. சைவக்காரங்க செய்கோமார்ட் கடையில பிளம் ஊறுகா வச்ச ஒனிகிரி (சோத்து உருண்டை) ரெண்டு வாங்கிட்டு ஏறுங்க, அஞ்சு மணி நேரம் வெறும் வயித்துல ஒக்கார முடியாது.

ஜூலையில லாவெண்டர் பாக்கப் போறவங்க முழுப் பயணத்துக்கும் கார் எடுக்க வேண்டியதில்ல. அசாஹிகாவா வரைக்கும் ட்ரெயின்ல போய் அங்க ஒரு நாளைக்கு மட்டும் கார் எடுத்து பியேய், ஃபுரானோ சுத்திட்டு அங்கேயே திருப்பி விட்டா, வேற ஊர்ல விடுற சார்ஜும் இல்ல, அடுத்த நாளே மறுபடி ட்ரெயின்.